கரைமேல் எண்ணியவை

தை மாதம். குளத்தில் தண்ணீர் கிடக்கிறது. கார்த்திகை மழை கைவிடவில்லை.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. 2011-இல் தொடங்கியது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. எண்ணுவது மாணவர்கள், வாத்தியார்கள், லீவு கிடைத்தவர்கள்.

பெயர் தாமிரபரணி. நாங்கள் எண்ணும் சங்கரன்கோவில் பக்கத்து வயலுக்கு அந்த ஆறு பாய்வதில்லை. இங்கே எல்லாம் மழைக்குளம்.

முக்குளிப்பானை எப்படி எண்ண? மூன்று தெரிகிறது. ஒன்று முங்கியது. வேறிடத்தில் இரண்டு எழுந்தன.

நாமக்கோழி கும்பலாகக் கிடந்தால் ஒன்றொன்றாய் எண்ண ஆகாது. பத்தை எண்ணு, அது அடைக்கும் இடத்தைப் பார், மிச்சத்தை அதை வைத்து அள.

பூக்காரம்மா முழம் போடும்போது மல்லியை எண்ணுவதில்லை.

அடுத்தது வறண்ட குளம். சீமைக்கருவேலம். ஒரு நீர்ப்பறவை இல்லை. அதையும் எழுத வேண்டும். குளத்தின் பெயர், நேரம், 0.

இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தது?

தண்ணீர் கிடக்கும் இன்னொரு குளம். ஆடு மேய்க்கும் அண்ணாச்சி: "எதுக்குத் தம்பி எண்ணுதீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மடைக்கு அந்தப் பக்கம் பாக்கலியே நீங்க."

மடைக்கு அந்தப் பக்கம்: நீலத்தாழைக்கோழி 9. நெல்லை மிதித்து நாசம் பண்ணும் என்று அதன்மேல் சம்சாரிக்குக் கோபம். எத்தனை, எங்கே என்று சரியாகத் தெரிவதும் அவருக்குத்தான்.

கூந்தன்குளத்தில் கதை வேறு. ஊருக்குள் வீட்டு மரத்திலேயே நாரைக் கூடு. சரணாலயம் ஆனது 1994-இல். எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுகிறார்கள். பறவை அங்கே உரக்கணக்கிலும் வரும்.

பண்டிகை நாளில் எண்ணுவது பழைய பழக்கம். 1900, அமெரிக்கா. கிறிஸ்துமஸ் அன்று பறவைகளைச் சுட்டுத் தள்ளும் போட்டி வழக்கம். சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார் பிராங்க் சாப்மன். 27 பேர் சேர்ந்தார்கள்.

நமக்குப் பொங்கல். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, 2015 முதல். 15 நிமிடம் பார்த்தால் போதும், ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். குளம்கூட வேண்டாம், மொட்டை மாடி போதும்.

மாடியில்: மைனா, காகம், கிளி. கோவில் பக்கமிருந்து மாடப்புறா, எண்ணி முடிப்பதற்குள் திரும்பிவிட்டது.

கேட்ட குரலையும் சேர்க்கலாம் என்கிறார்கள். தறி ஓடும் தெருவில் எந்தக் குரல் கேட்கும்?

தறி நிற்கும் நாளில் பட்டியல் நீளும். அன்றைக்கு மட்டும் பறவை கூடிவிட்டதா என்ன?