காலி மேட்டுத் தோட்டம்

காலிக் கோட்டைக்குள் எத்தனையோ நல்ல விடுதிகள் உண்டு. என் நினைவு போய் நிற்பதோ கோட்டைக்கு வெளியே, மேட்டில் இருக்கும் ஒரு தோட்ட வீட்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வெள்ளைக்கார வியாபாரி கட்டியது என்றார்கள். அந்தக் காலத்தில் கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நிலக்கரி ஏற்றின. 1880களில் கொழும்புத் துறைமுகத்தில் அலைதாங்கி கட்டி முடிந்ததும் கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டன. காலியின் செல்வாக்கும் அவற்றோடு போனது. மிஞ்சிய பெரிய வீடுகளில் ஒன்றுதான், விரல்விட்டு எண்ணக்கூடிய அறைகளோடு இப்போது விடுதியாகியிருக்கிறது.

காலையில் எழுந்தால் நேரே விறாந்தைதான். ராத்திரி உதிர்ந்த ஈழத்தலரிப் பூக்களைக் கூட்டும் ஈர்க்குமாற்றுச் சத்தம் கேட்கும். ஈரப்பலா மரத்துக்கு மேலே தூரத்தில் கடல் தெரியும். அப்பமும் கட்டைச்சம்பலும் வரும். பிறகு மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். பத்து மணிக்கும் அதே கதிரையில் இருந்திருக்கிறேன்.

தோட்டத்தின் பின்பக்கம் கறுவாச் செடிகள். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள் தோட்டக்காரர் ஒரு கிளையை வெட்டிவந்து விறாந்தைப் படியில் உட்கார்ந்தார். முதலில் மேல்தோலைச் சுரண்டி எடுத்தார். அடுத்து ஒரு பித்தளைக் கம்பியால் கிளை முழுவதும் அழுத்தித் தேய்த்தார். உள்பட்டை தடியைவிட்டு இளகுவதற்கு அந்தத் தேய்ப்புத்தான் முக்கியமாம். பிறகு கத்தியால் நெடுக்காக ஒரு கீறல். பட்டை முழுசாகக் கையோடு வந்தது. பெரிய துண்டுக்குள் சின்னத் துண்டுகளை அடுக்கி நிழலில் வைத்தார். காயக் காயச் சுருட்டுப் போலத் தானாகவே சுருண்டுகொள்ளும் என்றார். அவர் உள்ளங்கையிலிருந்து வந்த வாசனையை எந்தப் போத்தலிலும் அடைக்க முடியாது. ஒல்லாந்தர் 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்ததற்கு இந்தப் பட்டையும் ஒரு காரணம். அவர்கள் ஆட்சியில் கறுவா ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோகம். உரிப்பது சில குடிகளுக்குக் கட்டாய ஊழியம். இன்று அந்த மனிதர் தன் வேகத்தில், பேசிச் சிரித்தபடி உரித்தார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

அந்த வீடு என் மனதில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பப்பா காலி ரயில் நிலையத்தில் கிளாக்கராக இருந்தவர். 1894இல் கரையோர ரயில் காலியை எட்டியபின், யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ பேர் இப்படித் தெற்கே உத்தியோகத்துக்கு வந்தார்கள். இந்த மேட்டு வீடுகளைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்திருப்பார். படியேறி வந்திருந்தாலும் நின்றபடியே கடதாசியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். நான் அங்கே கால்நீட்டி உட்கார்ந்திருந்தபோது அவரையும் பக்கத்துக் கதிரையில் இருத்திப் பார்த்தேன். பின்னேர வெயிலில் அவர் அங்கே ஒரு தேத்தண்ணி குடித்திருக்க வேண்டும்.

கோட்டையைக் குறை சொல்லவில்லை. 2004 சுனாமியில் பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் அழிந்தபோது உள்ளே இருந்தவர்களைக் காத்தவை அந்த மதில்கள்தான். ஆனால் 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த அந்த ஊரில், வீடு வீடாகக் குடியிருந்தவர்கள் குறைந்து கடைகள் கூடிவிட்டன. பகலில் சுற்ற நல்ல இடம். மனம் இருக்க இடம் கேட்கும்போது மேட்டுக்குத்தான் வர வேண்டும்.

இப்போது டொரொன்டோவில் இருக்கிறேன். இங்கே கடையில் கறுவா என்று வாங்குவது பெரும்பாலும் கசியாப் பட்டை, தடித்தது, காரமானது. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்து நெஞ்சைப் பிசைகிறது.

காலிக்குப் போகிறவர்களே, கோட்டையைப் பகலில் பாருங்கள். இரவுக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டைத் தேடிக்கொள்ளுங்கள். தோட்டக்காரரிடம் கறுவா உரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கொஞ்ச நேரம் அவரோடு உட்காருங்கள். வெயில் காலத்தைவிடத் தென்மேற்கு மழையோடு போவது நல்லது. அப்போது பட்டை எளிதில் இளகும். அறை வாடகையும் குறைவு.