குதிரை வாத்தியாரின் டீசல் கணக்கு

கொலராடோவில் நர்ஸாக இருக்கும் தோழி, போன வருஷம் குதிரை வாங்கினாள். அங்கவடியில் கால் வைத்தால் போதும், அது நகர்ந்துவிடும். "வெள்ளிக்கிழமை ஒரு வாத்தியார் வர்றார். மூணு நாள் வகுப்பு. நீ வேலியோரம் உக்காந்து பாரு. பாக்கறதுக்கும் டிக்கெட் உண்டு" என்றாள்.

டென்வருக்கு வடக்கே, கவுன்ட்டி கண்காட்சி நடக்கும் மைதானம். தகரக் கூரை, மணல் தரை. குதிரையின் இயல்பால் நேரும் காயத்துக்கோ சாவுக்கோ குதிரைத் தொழில் செய்பவர் பொறுப்பல்ல என்று வாசலில் ஒரு பலகை. அந்த மாநிலச் சட்டப்படி அதை வைத்தே ஆகவேண்டும். உள்ளே பத்துக் குதிரைகள், பத்துப் பேர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். சிறுவயதில் கேட்டுக் கிடைக்காத குதிரையை, பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனபின் வாங்கியவர்கள்.

முரட்டுக் குதிரையைக் கட்டிப்போட்டு, களைக்கும்வரை துள்ளவிட்டு அடக்குவதுதான் அந்த மேற்கு மாநிலங்களில் பழைய வழக்கம். ஆரிகன் மாநிலத்துப் பண்ணையில் பிறந்த டாம் டோரன்ஸ் (1910–2003) வேறு வழியில் போனார். குதிரை ஏன் மறுக்கிறது என்று முதலில் பார்த்தார். ஆனால் அவர் மேடை ஏறுகிற ஆள் இல்லை. ஹோண்டோ என்ற அடங்காக் குதிரையோடு திண்டாடி அவரிடம் போன ரே ஹன்ட்தான், 1970களில் ஊர் ஊராகப் போய்க் கற்பிப்பதை ஒரு பிழைப்பாக்கினார். அவரிடம் படித்த பக் பிரானமனை, 1998இல் ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'தி ஹார்ஸ் விஸ்பரர்' படமும், 2011இல் 'பக்' ஆவணப்படமும் உலகறியச் செய்தன. நான் பார்த்த வாத்தியாரை எந்தப் படமும் எடுக்கவில்லை. இடுப்பு வலியோடு நடக்கும் அறுபது வயதுக்காரர். குரல் மட்டும் மைக் இல்லாமலே எட்டும்.

அவர் இடுப்பு பெல்ட்டில் செருகியிருந்த கயிற்றிலேயே என் கண் நின்றது. மெக்காட்டே என்கிறார்கள். குதிரையின் பிடரி மயிரில் திரித்தது, 22 அடி. ஸ்பானியர் வழியாக மெக்சிகோவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் வந்த மாடு மேய்ப்பர்களின் சொத்து. பதனிடாத தோலில் பின்னிய மூக்குவளையத்தில் இதைச் சுற்றிக் கட்டினால் ஒரு பகுதி கடிவாள வாராகும், மிச்சம் பிடித்து நடத்தும் கயிறாகும். வாயில் இரும்பு கிடையாது. தொட்டுப் பார்த்தேன், தேங்காய் நார்க் கயிறு மாதிரி சொரசொரவென்று குத்தியது. அந்தக் குத்தலில்தான் விஷயமே இருக்கிறது. கழுத்தில் லேசாகப் பட்டதுமே குதிரை விலகும், இழுக்கவே தேவையில்லை. இதிலிருந்து படிப்படியாக வாய்க்கடிவாளத்துக்குக் கொண்டுபோக அந்தக் காலத்து ஆட்கள் வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இங்கே மூன்று நாள்.

தோழி தன் குதிரையைப் பின்னுக்கு நகர்த்த முயன்றாள். அது ஓர் அடி வைத்தது. அவள் இன்னும் இழுத்தாள்.

"நீங்க கேட்டதை அது செஞ்சிருச்சு, நீங்க விடலையே" என்றார் வாத்தியார். "இழுத்துக்கிட்டே இருந்தா, பின்னாடி போனதுதான் தப்புன்னு அது நினைக்கும்."

பிறகு, ஏறும்போது நகரும் பழக்கத்தை மாற்ற, அவளை வேலிமேல் உட்காரவைத்தார். விலகிப் போனால் குதிரைக்கு வேலை, கயிற்றின் நீளத்தில் சுற்றிச் சுற்றி நடக்கவேண்டும். வேலியோரம் வந்து நின்றால் ஓய்வு, தடவல். அடிக்கவில்லை, அதட்டவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் அது தானாகவே வேலிக்கு இணையாக வந்து முதுகைக் காட்டி நின்றது. மதியம் நடந்த பக்கவாட்டு நடைப் பயிற்சி எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வந்து அவருடைய வண்டியைச் சுற்றிப் பார்த்தேன்.

டிரெய்லரின் முன்பகுதியில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. பின்னால் மூன்று குதிரைகள். இதுதான் வருஷத்தில் பாதிக்குமேல் அவர் வீடு. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டவேண்டும், ஊர்த் தண்ணீர் மாறினால் சில குதிரைகள் குடிப்பதே இல்லை. மாநில எல்லை தாண்ட மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ், தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனை முடிவு. கொலராடோவுக்குள்ளேயே 75 மைலுக்கு மேல் குதிரையைக் கொண்டுபோனால் கால்நடை உரிமை முத்திரை ஆய்வாளரின் சீட்டு. சுமையோடு வண்டி கேலனுக்குப் பத்து மைல் தருவதே பெரிது என்றார். அடுத்த ஊர் 400 மைல். 40 கேலன் டீசல், நம் கணக்கில் 150 லிட்டர்.

மாணவர்கள் தரும் கட்டணத்தில் மைதான வாடகை போகும், வகுப்பை ஏற்பாடு செய்தவரின் பங்கு போகும், காப்பீடு போகும். இதற்கு நடுவே எரிச்சல் மூட்டும் இன்னொரு கூட்டம் உண்டு. குச்சியில் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பையைக் கட்டினால் குதிரையைப் பழக்கும் கொடி தயார். அதையே வண்ணத் துணியில் தைத்து, பிரபலமான ஒருவரின் பெயரை அச்சடித்து, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று வீடியோக்களோடு பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வாங்கியவர்கள் கொடியை ஆட்டி ஆட்டிக் குதிரையை மிரளவைத்து, கடைசியில் இவரிடம் வருகிறார்கள். சரிசெய்கிறவருக்கு டீசல் காசு, கெடுத்தவனுக்கு லாபம். எனக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபமில்லை. "அவங்க இல்லாட்டி எனக்குப் பாதி மாணவர்கள் கிடைக்கமாட்டாங்க" என்று சிரித்தார்.

ஞாயிறு மாலை தோழி தரையிலிருந்தே ஏறினாள், குதிரை அசையவில்லை. அடுத்த மாதம் திரும்ப நகரத் தொடங்கினால் யாரிடம் கேட்பது என்றாள். தன் செல்பேசி எண்ணைத் தந்து, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார், அதற்குக் காசு வேண்டாமாம். பிறகு குதிரைகளை ஏற்றிக்கொண்டே நெப்ராஸ்கா ஏற்பாட்டாளரோடு போனில் பேசினார். அங்கே இதுவரை ஏழு பேர்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். எட்டாவது ஆள் வந்தால்தான் கட்டுப்படியாகும்.