நிறுத்தானா, அளந்தானா?

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு கிலோ நல்லெண்ணெய் வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. செக்கெண்ணெய்க் கடைக்காரர் லிட்டர் அளவையால் முகந்து பாட்டிலில் ஊற்றினார். கிலோவுக்கு உரிய விலையை வாங்கிக்கொண்டார். நானும் வெற்றி வீரனைப்போல் வீடு திரும்பினேன்.

"நிறுத்தானா, அளந்தானா?" என்று கேட்டாள் என் தாயார்.

"இரண்டும் ஒன்றுதானே, அம்மா!" என்று சொல்லிவிட்டேன். இருபது வருஷமாகப் பௌதிக சாஸ்திரம் போதிக்கும் பட்டதாரி உபாத்தியாயன் சொன்ன பதில் இது! வாசகர்கள் தயவுசெய்து என் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

"அரிசியை ஆழாக்கால் அளக்கிறோம், புளியைத் தராசில் நிறுக்கிறோம். இது காலேஜில் சொல்லித் தருகிற பாடம் இல்லையாக்கும்!" என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். 8 ஆழாக்கு ஒரு படி, அது கொள்ளளவு. 40 பலம் ஒரு வீசை, அது எடை. அந்தக் காலத்தில் படியையும் வீசையையும் ஒன்றென்று யாரும் மயங்கியதில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் லிட்டரும் கிலோவும் வந்தன. தண்ணீர் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ இருப்பதைக் கண்டோம். உலகத்தில் உள்ளதெல்லாம் தண்ணீர் என்றே எண்ணிவிட்டோம்! பால் ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். எண்ணெயோ தண்ணீரில் மிதப்பது. லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் நிற்கும்.

மறுநாள் அம்மாவின் பித்தளை ஆழாக்கை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அதே ஆழாக்கில் பொரி, அரிசி, உப்பு என்று ஒவ்வொன்றாக நிரப்பி நிறுத்துக் காட்டினேன். பொரியைத் தராசு மதிக்கவே இல்லை. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு எண்ணெய்க் கணக்கைச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஸார், எங்கள் அம்மா பலகாரக் கடைக்கு வாரம் 10 கிலோ கடலை எண்ணெய் வாங்குகிறாள். லிட்டரில்தான் அளந்து ஊற்றுகிறார்கள். வருஷத்துக்கு 46 கிலோ 800 கிராம் குறைகிறது, ஸார்" என்றாள்.

கடலை எண்ணெய்க்கும் கணக்கு ஏறக்குறைய அதுவே. விடையில் பிழை இல்லை. ஆயினும், "சரி, உட்கார், அம்மா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை எழவில்லை.

சனிக்கிழமை அந்தக் கடைக்கு நானும் போனேன். தாயும் மகளும் எனக்கு முன்னமே அங்கே நின்றிருந்தார்கள். "நிறுத்துக் கொடுங்கள்" என்று அந்தத் தாய் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கையிலிருந்த அளவையோடு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கள்ளம் எதையும் நான் காணவில்லை.

"லிட்டரும் கிலோவும் ஒன்றுதானுங்களே! நீங்களே சொல்லுங்கள், ஸார்" என்றார்.