எட்டாவது எண்ணிக்கைக்கு முன்னால்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுப் பக்கம் போகும் சாலையோரத்து ஊர் ஒன்றில், கோலாட்டப் பயிற்சி எப்போது தொடங்கும் என்பது ஷூ கம்பெனி பஸ்ஸைப் பொறுத்தது. பஸ் ஆறரைக்கு வந்தால் ஏழரைக்கு ஆட்டம். ஓ.டி. இருந்தால் எட்டரை ஆகிவிடும். ஆடுகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த பஸ்ஸில் வருகிறவர்கள். ஸ்டிச்சிங், கட்டிங், பேக்கிங் என்று ஆளுக்கொரு பிரிவு. வீட்டுக்குப் போய் உலை வைத்து, பிள்ளைகளைப் புத்தகத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டு, இரண்டு கோலையும் இடுப்பில் செருகிக்கொண்டு மாரியம்மன் கோயில் வாசலுக்கு வருகிறார்கள். ஆடித் திருவிழாவில் ஆட வேண்டும்.

நான் போனது ஆடுகிறவர்களை விட ஆட்டத்தை நடத்துகிறவர்களைப் பார்க்க. கோலாட்டத்தில் பாட்டுக்கு நடுவே அடுத்த அடி என்ன என்று கூவி, பதினாறு பேரையும் ஒன்றாகத் திருப்புகிற ஒருவர் இருக்கிறார். ஊரில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். ஆட்டத்தைப் படம் எடுக்கிறவர்கள் அவரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஆனால் ஆட்டம் நன்றாக இருப்பதும் சொதப்புவதும் பெரும்பாலும் அவர் கையில்தான்.

இந்த ஊர் வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு வழக்கில் தீர்ப்புச் சொன்னதையொட்டி மூட வேண்டிவந்த சின்ன ஷாப்புகளில் அவருடையதும் ஒன்று. அதற்குப் பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டு, மாலையில் சொல்லிக்கொடுப்பதை மட்டும் விடவில்லை. அவருக்குக் கற்றுத் தந்தவர் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர். கையில் மரச் சக்கையைத் தட்டி ஆடும் செக்க பஜனையில் தேர்ந்தவர். அதனால் இங்கே பாடுகிற பாட்டுகளில் பாதி தெலுங்கு. சில அடிகளின் பெயரும் தெலுங்குதான். எல்லையோரத்து ஊர்களில் இதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை.

வாத்தியாருக்கு இப்போது குரல் எழும்புவதில்லை. கூவுகிற வேலை சில வருஷங்களாக ஓர் அக்காவிடம் வந்திருக்கிறது. நாற்பதைக் கடந்தவர், ஸ்டிச்சிங்கில் மேல்தோல் தைக்கிறவர். நாள் முழுக்கத் தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அந்தக் குரலைக் குறைக்கத்தான் வாத்தியார் அவருக்கு முதலில் சொல்லிக்கொடுத்தாராம். "நாள் பூரா சூப்பர்வைசர் கத்தறத கேட்டுகினு வர்றவங்கமா. நீயும் அதே மாரி கத்துனா காலு எப்டிமா எழும்பும்?" அக்கா இப்போது கூவுவது பாட்டின் சுதியிலேயே விழுகிறது. தனியாகக் கட்டளை மாதிரிக் கேட்பதில்லை. பாட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு சொல்லைப்போல வந்து போகிறது.

அடியின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. எட்டு ஜோடி. உள்வட்டத்தில் எட்டுப் பேர், அவர்களைப் பார்த்தபடி வெளிவட்டத்தில் எட்டுப் பேர். ஒன்றில் தன் இரண்டு கோலையும் தட்ட வேண்டும். இரண்டில் எதிராளியின் வலக்கோல், மூன்றில் மறுபடி தன் கோல், நாலில் எதிராளியின் இடக்கோல். ஐந்திலும் ஆறிலும் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. ஏழிலும் எட்டிலும் வெளிவட்டம் ஓர் ஆள் நகர்கிறது. அடுத்த ஒன்றில் புது முகம். இப்படி எட்டுத் தடவை நகர்ந்தால் அறுபத்துநாலு எண்ணிக்கையில் அவரவர் ஜோடிக்குத் திரும்பிவிடலாம். பாட்டும் அதே அளவுதான்: பல்லவி இரண்டு முறை, சரணம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் பதினாறு எண்ணிக்கை. பாட்டு முடியும்போது கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் ஏதோ சரியாக முடிந்தது என்ற நிறைவு வரும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் கான்ட்ரா என்று ஒரு கூட்டு நடனம் உண்டு. இரண்டு நீள வரிசையாக எதிரெதிரே நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த ஜோடியிடம் நகர்ந்துகொண்டே ஆடுவார்கள். அதன் வேர் இங்கிலாந்தின் கிராமிய நடனங்களில் இருக்கிறது. ஜான் பிளேஃபோர்டு என்பவர் அவற்றின் மெட்டுகளையும் அசைவுகளையும் தொகுத்து 1651இலேயே அச்சில் போட்டார். கான்ட்ராவிலும் ஒரு சுற்று அறுபத்துநாலு எண்ணிக்கைதான், பதினாறு பதினாறாக நாலு பகுதி. அங்கும் கூவுகிறவர் ஒருவர் இருக்கிறார். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ரால்ஃப் பேஜ் அந்தக் கலையில் பெரிய பெயர், 1985இல் காலமானார். அவர்களும் முதலில் இசை இல்லாமல் ஒருமுறை நடத்திக் காட்டுவார்கள், பிறகு இசையோடு கூவுவார்கள், ஆடுகிறவர்களுக்குப் பிடிபட்டதும் கூவுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். இதை நான் சொன்னதும் வாத்தியார் வியக்கவில்லை. வேறு எப்படிச் செய்ய முடியும் என்று கேட்டார்.

கூவுகிற நேரம்தான் இந்தத் தொழிலின் உயிர். அடுத்த அடிக்கு 'மாறு' என்று, அது தொடங்குகிற ஒன்றில் சொன்னால் காரியம் கெட்டது. ஏழில் சொல்ல வேண்டும். சொல் எட்டுக்குள் முடிந்துவிட வேண்டும். "காலு எடுக்கறதுக்கு முன்னாடி காதுல உழணும். எடுத்தப்புறம் சொன்னா அது திட்டு" என்றார் வாத்தியார். ஆனால் அந்த ஏழில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பாட்டின் சொல்லை மிதிக்கவும் கூடாது. அதனால் அக்கா ஒவ்வொரு பாட்டிலும் எங்கே இழுவை வருகிறது, எங்கே பாடுகிறவர் மூச்சு வாங்குகிறார் என்று குறித்துவைத்திருக்கிறார். கூவல் அந்த இடைவெளியில் விழும். இடைவெளியே இல்லாத பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் கோலாட்டத்துக்கு எடுப்பதில்லை.

வலது, இடது என்று அவர் சொல்லிக் கேட்கவே முடியாது. எதிரெதிரே நிற்கிறவர்களுக்கு ஒருத்தியின் வலது இன்னொருத்திக்கு இடது. 'கோயில் பக்கம்', 'ரோட்டுப் பக்கம்', 'மலைப் பக்கம்' என்றுதான் கூவுவார். திருவிழா நடக்கிற இடத்திலேயே பயிற்சியும் நடக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் காரணம். பள்ளிக்கூட மைதானத்தில் பழகிவிட்டு வந்தால் மலை வேறு பக்கம் போய்விடும். கான்ட்ராவில் ஆண், பெண் என்று அழைத்துவந்ததைச் சமீப வருஷங்களில் பல ஊர்களில் மாற்றி, இடப்பக்கம் நிற்பவரை வானம்பாடி என்றும் வலப்பக்கம் நிற்பவரை ராபின் என்றும் இரண்டு பறவைகளின் பெயரால் கூப்பிடுகிறார்கள். யார் எந்தப் பக்கம் நின்றாலும் குழப்பம் வராது. இங்கே எல்லாரும் பெண்கள். உள்வட்டம், வெளிவட்டம் போதும்.

நான் பார்த்ததில் மிகவும் நுட்பமானது ஆள் குறைகிற நாளில் நடந்தது. ஓ.டி. என்று இரண்டு பேர் வரவில்லை. ஏழு ஜோடி. ஏழு நகர்வில், ஐம்பத்தாறு எண்ணிக்கையில், அவரவர் ஜோடிக்குத் திரும்பிவிடுவார்கள். பாட்டில் இன்னும் எட்டு எண்ணிக்கை பாக்கி. அதை அப்படியே விட்டால் பாட்டு முடியும்போது ஆளுக்கு ஓர் இடம் தள்ளி நிற்பார்கள். அக்கா தொடக்கத்திலேயே எட்டு எண்ணிக்கைக்கு 'நின்ன அடி' கொடுத்துவிட்டார்: நகராமல், தன் ஜோடியோடேயே ஒரு முழு அடி. எட்டும் ஐம்பத்தாறும் அறுபத்துநாலு. ஒன்பது ஜோடி வந்துவிட்டால் எட்டு எண்ணிக்கை கூடுதலாக வேண்டும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஆர்மோனியக்காரர் அதை நிரப்புவார், ஆட்டம் நிற்காது. ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருத்தி கையில் ஜால்ரா போகும். அக்கா தானே போய் ஜோடி சேர மாட்டார். உள்ளே ஆடினால் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

இந்த எட்டு எண்ணிக்கை நெகிழ்வுக்காகத்தான் எனக்குப் பதிவு செய்த பாட்டின்மேல் கோபம் வருகிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் இப்போது செல்போனிலிருந்து ஒலிபெருக்கிக்குப் பாட்டைவிட்டு கோலாட்டம் நடத்துகிறார்கள். செல்போனுக்கு ஏழு ஜோடி, எட்டு ஜோடி என்று பார்க்கத் தெரியாது. ஒரு ஜோடி தடுமாறினால் அது காத்திருக்காது. டோலக்கும் ஆர்மோனியமும் எதிரே இருந்தால் அக்காவின் ஒரு தலையசைப்பில் கடைசி வரி திரும்ப வரும். ஆளை வைத்து வாசிப்பது செலவு என்கிறார்கள். இந்த ஊரில் டோலக்காரருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் கிடைப்பது மிகக் குறைவு. தட்டில் வைக்கிற வேட்டியும் தேங்காய் பழமும் சேர்த்தால்கூட ஒரு நாள் கூலிக்கு வராது. திருவிழாவுக்கு ஒலி ஒளி அமைக்கிறவருக்குப் பேசுகிற தொகையில் சிறு பங்கு இவர்களுக்கு ஒதுக்கினால் போதும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வாசிக்கிறவர்களோடும் தகராறு உண்டு, இல்லாமல் இல்லை. டோலக்காரர் தெருக்கூத்துக்கு வாசிக்கிறவர். கூத்தில் வேஷக்காரர் துள்ளத் துள்ளக் காலத்தை ஏற்றிக்கொண்டு போவது அழகு. கோலாட்டத்தில் அந்த வேகம் முதலில் பிடிப்பது ஐம்பது வயது முழங்காலை. நகர்வுக்கு இரண்டே எண்ணிக்கை இருக்கும்போது வேகம் கூடினால் அடி தேய்ந்து ஓட்டமாகிவிடும், கோல் விரலில் படும். மெஷினில் தைக்கிறவர்களுக்கு விரல்தான் சம்பளம். அக்கா இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்: முதல் பாட்டுக்குக் காலத்தை டோலக்காரர் தொடங்குவதில்லை, ஆட்டத்தில் மூத்த பெண்மணி நின்ற இடத்தில் நடந்து காட்டுவார். அந்த நடையைப் பிடித்துத்தான் டோலக் சேர வேண்டும். கடைசிப் பாட்டில் மட்டும் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு இளவட்டங்கள் மட்டும் நிற்பார்கள்.

ஒலிபெருக்கி வேறு ஒரு தொல்லை. ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்று குழாய் ஸ்பீக்கரைத் தெருக்கோடிக் கம்பத்தில் கட்டிவிடுவார்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளி வைத்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். ஓர் எண்ணிக்கை அரை நொடி என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வட்டத்தில் இருக்கிறவர்கள் டோலக்கை ஒரு காதிலும் ஸ்பீக்கரை மறு காதிலும் கேட்டுத் திணறுவார்கள். அக்காவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் சின்ன ஸ்பீக்கர் ஒன்று தன் காலடியில், ஆடுகிறவர்களைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிடுகிறார்.

தரையும் முன்போல இல்லை. வாத்தியார் கற்றுக்கொண்டது பாலாற்று மணலில். மணலில் காலடிச் சத்தம் வராது, கோல் சத்தம் மட்டும் தெளிவாக எழும். யார் தப்பாகத் தட்டினாலும் உடனே தெரியும். இப்போது ஆட்டம் சிமெண்டுத் தரையில். பாலாற்றில் அந்த மணலும் இல்லை. சிமெண்டில் குதித்தால் குதிகால் வலிக்கும் என்று குதிக்கிற அடிகள் இரண்டை வாத்தியார் நடக்கிற அடிகளாக மாற்றிவிட்டார். பழைய அடி போய்விட்டதே என்று ஒருவர் குறைப்பட்டபோது, "நாளைக்கு இவங்க நின்னுகினு வேலை செய்யணும்ல" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

கடைசியில் பின்னல். கம்பத்து உச்சியிலிருந்து தொங்கும் பதினாறு கயிறுகள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கோல். எட்டுப் பேர் ஒரு திசையிலும் எட்டுப் பேர் எதிர்த் திசையிலுமாக, ஒருத்தியை உள்பக்கமாகவும் அடுத்தவளை வெளிப்பக்கமாகவும் கடந்து போகப் போகக் கம்பத்தைச் சுற்றிப் பின்னல் இறங்கும். பின்னுவது சுலபம். பிரிப்பதுதான் கூவுகிறவருக்குச் சோதனை. எத்தனை கடவு பின்னினோமோ அத்தனையும் பின்னோக்கி, ஒன்றுகூடக் கூடாமல் குறையாமல் வர வேண்டும். அக்கா இடக்கை விரல் கணுக்களில் கட்டைவிரலால் எண்ணிக்கொண்டே கூவுகிறார். திரும்புகிற இடத்தில் பாட்டை நிறுத்தி, டோலக்கை மட்டும் ஓடவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: "கடைசியா யாரு வெளிய போனீங்களோ, அவங்களே இப்பவும் வெளிய." அந்த முதல் கடவு சரியாக விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அவிழும். முடிச்சு விழுந்தால் அவிழ்க்க நேரம் கிடையாது. விழுந்த இடம் வரை பிரித்து, பாட்டை அங்கேயே மங்களமாக முடித்துவிடுவார்கள்.

அக்கா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண்ணைக் கூவப் பழக்குகிறார். அவளுக்கு நல்ல குரல், தாளம் நழுவுவதில்லை. அவளிடம் இருந்த ஒரு குறை, நன்றாக ஆடுகிற ஜோடியைப் பார்த்துக்கொண்டு கூவுவாள். அந்த ஜோடிக்குக் கூவலே தேவையில்லை என்று அக்கா அவளை வேறு இடத்தில் நிறுத்தினார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு ஜோடி. அவர்கள் முகம் தெரிகிற கோணம். அவர்கள் தயங்கினால் சொல்ல வேண்டும், தயங்காதபோது வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் பார்த்த மாலையில் மூன்றாவது சுற்றிலிருந்து அவள் எதுவும் கூவவில்லை, ஆட்டம் ஓடியது. ஆடியில் முதல் பாட்டு அவளுக்கு என்று முடிவாகியிருக்கிறது. பின்னல் அடுத்த வருஷம்தான்.