வழுக்கி, தடக்கி, தவறி



மாரி துவங்கிட்டு. இனி தை மாதம் வரைக்கும் எங்கட ஊர்களில் யாராவது விழுந்துகொண்டுதான் இருப்பார்கள். மீன் இறக்குற இடத்தில், அரிசி ஆலையில், பள்ளிவாசல் ஹவ்ழடியில், பாடசாலை வராந்தாவில். "தவறி விழுந்திட்டாராம்" என்று நாலு பேர் கதைப்போம். "நஸீப்" என்று ஒருவர் முடித்து வைப்பார். அதோடு சரி.

தமிழ் படிப்பிக்கிறவன் என்றபடியால் எனக்கு ஒன்று உறுத்துது. எங்கட பேச்சில் இதுக்கு மூன்று சொல் இருக்கு. ஈரத்தில் வழுக்கி விழுவது. கயிற்றிலோ பெட்டியிலோ தடக்கி விழுவது. படியில், பலகையில், ஏணியில் கால் தவறி விழுவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஆனால் எந்த வசனத்தை எடுத்தாலும் எழுவாய் விழுந்தவர்தான். தரைக்குச் சொந்தக்காரர் ஒரு வசனத்திலும் வருவதில்லை.

என்னிடம் தரம் பத்தில் படிக்கிற பிள்ளை ஒருவன் மூன்று கிழமையாக வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாப்பா ஜெட்டியில் மீன்பெட்டி தூக்குகிறவர். சுபஹு முடிந்த கையோடு போனவர், உருகின ஐஸும் மீன் வழும்பும் கலந்து கிடந்த சீமெந்துத் தரையில் பெட்டியோடு சறுக்கி இடுப்பு அடிபட விழுந்திருக்கிறார். காலில் அடி தேய்ந்த பாட்டா. முகத்துக்கு முன்னால் பெட்டி இருக்கும்போது தரை எப்படித் தெரியும்? முறிவு நெரிவு வைத்தியரிடம்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். எக்ஸ்ரே இல்லை, துண்டு இல்லை. முதலாளி நல்ல மனிசன், ஐயாயிரம் கொடுத்தாராம்.

"இவன் இப்ப வாப்பாட இடத்துக்குப் போறான் சேர்" என்றா உம்மா.

அதே தரை. அதே மாதிரிப் பாட்டா. வயசு பதினஞ்சு.

2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்த அன்று ஊரே திரண்டது. பெரிய விபத்துக்கு நாங்கள் திரள்வோம். ஒருவர் தனியாக விழுந்தால் கண்ணுக்குப் படுவதில்லை. ஆனால் விழுந்து இறப்பவர்கள் உலகத்தில் வருடத்துக்கு 684,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. தற்செயல் காயங்களால் வரும் இறப்பில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான்.

சீனக்குடாப் பக்கம் ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் இதை வாசிப்பீர்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தரையையும் படியையும் நடைபாதையையும் ஒழுங்காக வைத்திருக்கச் சொல்லுது. தரை நனைகிற வேலையென்றால் தண்ணி வடிய வழி செய்யச் சொல்லுது. படிக்குக் கைபிடியும் வேண்டும். விழுந்தவர் மூன்று நாளுக்கு மேல் அந்த வேலைக்குத் திரும்ப முடியாமல் போனால், அதை அறிவிக்கிறது முதலாளியின் கடமை. வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934லேயே வந்தது. 2022 திருத்தத்தில் உச்சத்தொகை 20 இலட்சம் ரூபாவாகக் கூடியது. நாள்கூலிக்கும் பங்குக்கும் போகிறவர்கள் தங்கட நிலைமையைத் தொழில் திணைக்களத்தில் நேரே கேளுங்கள். ஆனால் கேட்கப் போகும்போது கையில் துண்டு வேணும். முறிவு வைத்தியரிடம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கட மூத்தம்மாவின் கையைக் கட்டினதும் அவர்தான். முதலில் அரச ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிந்து, வேலைத்தலத்தில் விழுந்தது என்று சொல்லி எழுதுவியுங்கள். பிறகு யாரிடமும் போங்கள்.

தரை விசயம் பெரிய செலவில்லை. மீன் வழும்பு வெறும் தண்ணிக்குப் போகாது. சவர்க்காரத் தூள் போட்டுத் தும்புத்தடியால் உரஞ்சி, பிறகு கழுவி, தண்ணியைத் தள்ளிவிட வேணும். அதுவும் பெட்டி தூக்குகிற நேரத்தில் இல்லை, அதுக்கு முன்னால். கயிறும் வலையும் நடக்கிற வழியில் கிடக்கக் கூடாது. படி விளிம்புக்கு வெள்ளைப் பெயின்ட், சுபஹு நேரத்துக்கு ஒரு பல்ப். அடி தேயாத கம்பூட்ஸ் வாங்கிக் கொடுப்பது முதலாளிமார் பொறுப்பு. கலாசாலையில் எங்கட விரிவுரையாளர் ஒருவர் பாடம் துவங்க முதல் மேசைகளுக்கு நடுவில் கிடக்கிற பைகளை எடுக்கச் சொல்லுவார். அந்த நேரம் சிரித்தோம். இப்ப நானும் அதையே செய்கிறேன்.

நஸீப் என்று சொல்கிறவர்களுக்கு: பாதையில் கிடக்கிற தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்ற ஹதீஸைக் குத்பாவில் எத்தனை தரம் கேட்டிருப்போம். ஜெட்டியும் பாதைதானே.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆறேழு பேர் ஜெட்டிக்குப் போகிறோம். இரண்டு முதலாளிமார் சவர்க்காரத் தூளுக்கு ஓம் என்றிட்டார்கள். கம்பூட்ஸ் கதையும் அங்கேயே கதைப்போம். வருகிற தம்பிமார் ஆளுக்கொரு தும்புத்தடி கொண்டுவாருங்கள். பாட்டா போட்டு வராதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பின்னேர வகுப்பு எடுக்க இன்னும் ஒரு ஆள் தேவை, கணித பாடம். முடிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.