பெரிய எழுத்து

என் தமக்கை மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். போன வாரம் இங்கிலீஷ் இலக்கண நோட்டுடன் என்னிடம் வந்து சேர்ந்தான். கதை எழுதுகிற மாமாவுக்கு இலக்கணமும் தெரிந்திருக்கும் என்பது அவனுடைய நம்பிக்கை.

"பொதுப்பெயருக்குச் சின்ன எழுத்து, சிறப்புப்பெயருக்குப் பெரிய எழுத்து. அவ்வளவுதானடா" என்றேன். ஆறு என்றால் சின்ன எழுத்து. காவேரி என்றால் பெரிய எழுத்து. திங்கட்கிழமைக்கும் ஜனவரிக்கும் அந்தக் கௌரவம் உண்டு. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் கிடையாது. ஜெர்மன்காரர்கள் இந்தத் தகராறே வேண்டாமென்று எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நம் தமிழிலோ பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை.

பையன் விடவில்லை. "'மதர்' பொதுப்பெயர்தானே மாமா? வாத்தியார் ஏன் ஓர் இடத்தில் மட்டும் பெரிய எழுத்தாகத் திருத்தியிருக்கிறார்?"

பார்த்தேன். வாத்தியார் செய்தது சரிதான். 'என் தாயார்' என்று எழுதினால் சின்ன எழுத்து. 'என்' என்பதை விட்டுவிட்டு, பெயரைச் சொல்வதுபோல 'அம்மா' என்று மட்டும் எழுதினால் பெரிய எழுத்து.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1880-இல் அயர்லாந்தில் பாய்காட் என்று ஒரு பண்ணை நிர்வாகி இருந்தார். குடியானவர்களோடு மோதினார். ஊரே ஒன்றுகூடி அவருடன் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. அந்த வருஷமே அவர் பெயர் 'பகிஷ்காரம்' என்று பொருள்படும் சொல்லாகிவிட்டது. இன்று அகராதியில் அதற்குச் சின்ன எழுத்துத்தான். ஊர் வெறுத்தால் சிறப்புப்பெயரும் பொதுவாகிவிடுகிறது. பிள்ளை கூப்பிட்டால் பொதுப்பெயரும் சிறப்பாகிவிடுகிறது.

இப்படி நான் தத்துவம் பேசிக்கொண்டிருக்கையில் பையன் வீட்டுக் கணக்கை முடிப்பதிலேயே குறியாயிருந்தான். ஐந்து சிறப்புப்பெயர்கள் எழுத வேண்டும். நான்கு எழுதியாகிவிட்டது.

"பாட்டி பேர் என்ன மாமா?"

சொல்ல வாயெடுத்தேன்; வரவில்லை. தெரியாமலில்லை. எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா இருந்தவரை அவள் 'இந்தா'. எங்களுக்கு அம்மா, அத்தைகளுக்கு அண்ணி, இந்தப் பயலுக்குப் பாட்டி.

அவன் சமையலறைக்கே போய்க் கேட்டுவிட்டான்.

"பேரா? அது எதுக்குடா இப்போ? பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சே!" என்று அம்மா சிரித்தாள். பிறகு, புதுப்பெண் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

அவன் எழுதினான். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது.

"இதிலே எதுடா பெரிய எழுத்து?" என்றாள்.

பையன் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தின்மேல் வைத்தான்.