தொட்டிக்குள் ஒரு மரக்காணம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி பாத்தியாக உப்பளம். கரையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு.

உப்பளத்தில் நடப்பது எளிய விஷயம். உவர்நீரைப் பாத்தியில் கட்டுகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோய்விடுகின்றன. தண்ணீரில் கரைந்திருந்தவை மட்டும் தங்கிவிடுகின்றன. முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நம் வீட்டுச் சமையலுக்கான உப்பு.

அங்கிருந்து தெற்கே சுமார் முக்கால் மணி நேரம் பயணித்து, கடலை விட்டு மேற்கே திரும்பினால் ஆரோவில். மண் செக்கச் சிவந்துவிடும். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணைத் தாழியில் இட்டு இந்த நகரைத் தொடங்கியபோது, இது மரங்கள் அரிதான பொட்டல் மேடு. ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடியது. வரப்பு கட்டி, மழையை நிறுத்தி, மரம் நட்டுத்தான் மண்ணை மீட்டார்கள். இன்று இங்கே காடு இருக்கிறது. 2000-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் இருக்கிறது.

பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டு மாடியிலும் இப்படிப் பச்சை வேண்டும் என்ற ஆசையோடு திரும்புகிறவர்கள் பலர். மாடியில் பாரம் கூடாது என்பதால் மண்ணுக்குப் பதில் கோகோபீட் எனும் தென்னைநார்த் தூள் வாங்குவார்கள். அங்கேதான் தண்ணீர் தன் வேலையைக் காட்டுகிறது.

மண் பொறுக்கும், நார்த் தூள் பொறுக்காது

தண்ணீரின் அமிலத்தன்மை, காரத்தன்மையைச் சொல்லும் அளவு பி.ஹெச். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆனால், மண்ணில்லாத் தொட்டியில் வேர்ப்பகுதி 5.5 முதல் 6.5 வரை இருந்தால்தான் பெரும்பாலான செடிகளுக்குச் சுகம்.

தரையில் வளரும் செடிக்கு இந்தக் கவலை குறைவு. களியும் மட்கும் சேர்ந்து ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு பையளவு நார்த் தூளுக்கு அந்தச் சக்தி குறைவு. சில வாரங்களில் இளம் இலைகள் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். 'சத்து போதவில்லை' என்று உரத்தைக் கூட்டுவோம். உண்மையில் பல நேரம் இரும்புச்சத்து தொட்டிக்குள்ளேயே இருக்கும். பி.ஹெச் ஏறிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை.

எண் மட்டும் போதாது

பி.ஹெச் 8 காட்டும் இரண்டு குடம் தண்ணீர் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒன்று சில சொட்டு அமிலத்திலேயே இறங்கிவிடும். இன்னொன்று எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. காரணம், அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட். கணக்குப் பார்க்க வேண்டியது இதைத்தான். பரிசோதனைச் சீட்டில் 'மொத்தக் காரத்தன்மை' என்று இருக்கும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை குடிநீருக்கு ஏற்றதுதான். ஆனால், 100, 150-ஐத் தாண்டும்போதே சின்னத் தொட்டிகளில் பி.ஹெச் மெல்ல ஏறத் தொடங்கிவிடும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு வந்தால், உங்கள் வீட்டிலும் இந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. குளோரின் வாடை போகும், பைகார்பனேட் போகாது.

என்ன செய்யலாம்?

மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துப் பரிசோதனையே தொடக்கத்துக்குப் போதும். உரம் கலந்த பிறகு பி.ஹெச் பாருங்கள். தேவையானால் எலுமிச்சை உப்பு எனும் சிட்ரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, கலக்கி, மறுபடி பாருங்கள். அதன் பலன் நீண்ட நாள் நிற்காது. பெரிய அளவில் செய்பவர்கள் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். அதைக் கையாளக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. தொட்டியின் அடியில் வடியும் நீரையும் சோதியுங்கள். வேர் இருக்கும் இடத்தின் நிலவரத்தை அதுதான் சொல்லும்.

கோகோபீட்டிலேயே உப்பு இருக்கலாம். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு மிஞ்சும். தொட்டியும் ஒரு குட்டி உப்பளம்தானே! அவ்வப்போது அடியில் வழியும் அளவுக்கு ஊற்றி அலசிவிட வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. போர்வெல்லில் அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். அப்படி உப்பேறிய தண்ணீரை எந்த அமிலமும் திருத்தாது. பி.ஹெச் சரியாகும், கரிப்பு அப்படியே இருக்கும். மழைநீர் கலந்து கரிப்பைக் குறைக்கலாம். மழைநீரில் பைகார்பனேட்டும் மிகக் குறைவு, உப்பும் மிகக் குறைவு.

ஆரோவிலின் வரப்புகள் செய்வதும் இதைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை ஓடவிடாமல் நிறுத்தி நிலத்துக்குள் இறக்குகின்றன. அந்த நன்னீர் நிலத்தடியில் இருக்கும்வரைதான் கடல் தன் எல்லையில் நிற்கும். மாடியில் ஒரு டிரம் வைத்து மழையைப் பிடிப்பவரும் அதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறார். அடுத்த மழைக்கு முன் மாடிக் குழாயின் கீழே ஒரு டிரம் இருக்கட்டும்.